மாடு, வலை, மத்தியஸ்தர்

சண்டைக்காரர் இரண்டு பேரும் ஒரே வாங்கில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கண்டதும் ஜெயரூபன் வழியிலேயே நின்றுவிட்டான்.

அம்பலவாணரின் மாடு, பக்கத்து வளவுச் சில்வெஸ்ரர் காயப்போடும் வலைகளை மிதித்துக் கிழிக்கும். வேலி போடவேண்டியது மாட்டுக்காரரா, வலைக்காரரா என்று இருவரும் வருடக்கணக்காக முகம் பாராமல் இருந்தவர்கள். அந்தச் சண்டையை நம்பித்தான், நீதவான்மாருக்கும் இணக்கசபை மத்தியஸ்தர்களுக்குமான ‘சட்டமும் பொருளியலும்’ பயிற்சி வகுப்பை ஜெயரூபன் நெடுந்தீவுக்கே கொண்டுவந்திருந்தான். கொழும்பிலிருந்து முதல் நாளே வந்துவிட்ட விரிவுரையாளர் மேனுகா கேட்டது ஒன்றுதான்: வழக்குக்குப் போகாமல் இரண்டு பேர் பேரம் பேசித் தீர்த்துக்கொள்வதை வகுப்புக்கு வருபவர்கள் கண்ணால் பார்க்கவேண்டும்.

வகுப்பு ஒழுங்காக நடந்தால் ஜெயரூபனுக்கு வேலை நிரந்தரம். சறுக்கினால் அவன் வீட்டில் இருக்கவேண்டியதுதான்.

“என்ன அண்ணை, கோவமெல்லாம் எங்க போட்டுது?”

“அது முடிஞ்சுது தம்பி,” என்றார் அம்பலவாணர். “நேற்று என்ர மாடு கிணத்துக்குள்ள விழுந்திட்டுது. இவர்தான் தன்ர வலையைப் போட்டுத் தூக்கினவர்.”

“அப்ப வேலி?”

“இனி என்னத்துக்கு வேலி?” என்றார் சில்வெஸ்ரர்.

வந்தவர்களோ ஏற்கனவே சில்வெஸ்ரரின் வளவில், பனை நிழலில் கதிரைகளில் இருந்தார்கள். காலையில் ஜெயரூபன் இறங்குதுறைக்கு ஓடிப்போய், முதல் வள்ளத்தில் வந்திறங்கியவர்களிடம், “மத்தியஸ்தர் பயிற்சிக்கு வந்தனீங்களோ ஐயா?” என்று கேட்டான். “ஓம்,” என்றார் பெரிய மீசைக்காரர் ஒருவர். அதற்குமேல், நீங்கள் ஆர், எந்த நீதிமன்றம் என்று ஒரு நீதவானைக் குறுக்கு விசாரணை செய்ய எவருக்குத் துணிவு வரும்? பவ்வியமாகக் கூட்டிவந்துவிட்டான்.

மேனுகா தொடங்கிவிட்டாள். “தண்டம் எவ்வளவு எண்டு முதலே தெரிஞ்சால், ஆக்கள் கணக்குப் பார்த்துத்தான் பிழை செய்வினம்.”

“உண்மைதான் மிஸ்,” என்றார் மீசைக்காரர். “தோக்கப்போறம் எண்டு தெரிஞ்சால், தண்டத்தையும் ஏற்றுக்கொண்டு வேணுமெண்டே பிழை செய்யிறவை இருக்கினம். எத்தனை பேரைக் கண்டிட்டன்.”

மற்றவர்கள் தலையாட்டினார்கள். மேனுகா ஜெயரூபனின் காதருகே குனிந்தாள். “நல்ல அனுபவசாலிகள். இப்ப உம்மட சண்டைக்காரரைக் கூப்பிடும்.”

அவன் இருவரிடமும் கெஞ்சினான். “அண்ணை, சும்மா ஒருக்கால் நடியுங்கோ. என்ர வேலை உங்கட கையிலதான்.”

அவர்களும் பாவம் பார்த்து எழும்பி வந்தார்கள். சபையைக் கண்டதும் அம்பலவாணருக்கு வெட்கம் வந்துவிட்டது. “வேலியை நான் போடுறன்,” என்றார். “சே, நீர் ஏன்? நான் போடுறன்,” என்றார் சில்வெஸ்ரர். பிறகு இருவரும் சிரித்தார்கள். கதிரையில் ஒருவர் கொட்டாவி விட்டார்.

“இதில பேரம் எங்க?” என்று மேனுகா பல்லைக் கடித்தாள்.

ஜெயரூபனுக்கு வியர்த்துக் கொட்டியது. வியர்க்கிற மனிதனுக்கு நல்ல யோசனை வந்ததாகச் சரித்திரமில்லை. அம்பலவாணரை ஒதுக்குப்புறமாக இழுத்தான். “சொல்லக்கூடாது அண்ணை. உங்கட மாடு கிணத்துக்குள்ளயே செத்திருந்தால் நல்லம் எண்டு அவர் கடையில சொன்னவராம்.” பிறகு சில்வெஸ்ரரிடம் போனான். “மாட்டைக் கிணத்துக்குள்ள தள்ளினதே நீங்கள்தான் எண்டு அவர் சொல்லித் திரியிறாராம்.”

கொஞ்சம் சூடேறினால் போதுமென்றுதான் நினைத்தான்.

“ஆரடா தள்ளினது?” சில்வெஸ்ரரின் கையில் துடுப்பு இருந்தது.

“ஆர்ர மாடடா சாகவேணும்?” அம்பலவாணர் தெருவேலியில் ஒரு கதியால் தடியைப் பிடுங்கிவிட்டார்.

ஜெயரூபன் நடுவில் விழுந்தான். “அண்ணையவை, ரெண்டும் நான் சொன்ன பொய்.”

“பார், உனக்காக இந்தப் பெடியன் பழியை ஏக்கிறான்,” என்றார் சில்வெஸ்ரர். “எவ்வளவு நல்ல பிள்ளை. நீயும் இருக்கிறியே.” துடுப்பு இன்னும் உயர்ந்தது. சத்தத்தில் வெருண்ட மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு நேரே வலைக்குள் போய் நின்றது.

மேனுகா பனைக்குப் பின்னால் போய்விட்டாள். “ஜெயரூபன், நீதவான்மாருக்கு முன்னால ரத்தம் விழுந்தால் உமக்கு மட்டுமில்லை, எனக்கும் வேலையில்லை.”

ஜெயரூபனுக்கு அழுகை வந்தது. மீசைக்காரரைப் பார்த்துக் கும்பிட்டான்.

அந்த உடம்போடு அவர் அப்படி ஓடுவார் என்று எவரும் நினைக்கவில்லை. கண்மூடித் திறப்பதற்குள் இருவருக்கும் நடுவில் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். எவரையும் தொடவில்லை. வந்தவர்களில் இரண்டு பேர், சொல்லாமலே ஆளுக்கொரு பக்கமாகப் போய் நின்றார்கள்.

“நீர் அங்கால. நீர் இங்கால. கதை வேண்டாம்.”

“ஐயா, முதல் இவன்தான்...”

“நான் பார்த்துக்கொண்டுதான் நிண்டனான். இது கடைசி எச்சரிக்கை. இன்னொரு சொல்லு வந்தால் வெளியால.”

“ஐயா, இது என்ர வளவு,” என்றார் சில்வெஸ்ரர்.

“ஆர்ர வளவெண்டாலும் வெளியால எண்டால் வெளியால.”

துடுப்பு கீழே விழுந்தது. கதியாலும் விழுந்தது. “கை குடுங்கோ,” என்றார் மீசைக்காரர். கொடுத்தார்கள். வேலியை ஆளுக்குப் பாதி போடுவதென்று தாங்களாகவே பேசிக்கொண்டு, மாட்டை வலையிலிருந்து கழற்றச் சேர்ந்து போனார்கள்.

மேனுகாவின் கண் கலங்கியிருந்தது. “இப்பிடி ஒரு நீதவானை நான் கண்டதில்லை. உம்மட வேலையைப் பற்றி மேலிடத்துக்கு நானே கதைக்கிறன்.”

ஜெயரூபன் காலையிலிருந்து இழுத்துப் பிடித்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டான். உலகத்தில் எல்லோரையும் கட்டிப்பிடிக்கவேண்டும் போலிருந்தது. அந்த நேரம் வள்ளக்காரக் கிறிஸ்ரி மூச்சிரைக்கச் சைக்கிளில் வந்து இறங்கினார்.

“அண்ணை, உதைபந்தாட்ட மத்தியஸ்தர்மாரை நீங்களோ மாறிக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்? அங்க மைதானத்தில ரெண்டாம் வள்ளத்தில வந்தவையிட்ட விசிலைக் குடுத்தால் வாங்கமாட்டினமாம், தாங்கள் நீதவான்மாராம்.”