சம்பந்தி கை வைத்த ரேடியோ

ஓய்வு பெற்றவன் கையில் சால்டரிங் அயர்ன் இருக்கும் வீட்டுக்குப் பெண் பார்க்க வருபவர்கள், செருப்பைக் கழற்றாமல் இருப்பது நல்லது.

இரண்டாயிரங்களின் தொடக்கம். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் இன்சுலேட்டர் எண்ணியே ஓய்வு பெற்ற நான், வீட்டிலிருந்தே வயர்லெஸில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோக்காரர்களின் பேச்சைக் கேட்க ரிசீவர் ஒன்று கட்டினேன். பேச்சுக்கு மேலாக 'ம்ம்ம்' என்று ஓயாத இரைச்சல். மூன்று முறை கண்டன்சர் மாற்றியும் அடங்கவில்லை. (ஊர்ப் பெருமைக்காகப் பெட்டியை, கரண்டைத் தரைக்கு விடாத நான்கு பீங்கான் இன்சுலேட்டர்கள் மேல் நிறுத்தியிருந்தேன். எர்த் கம்பி கொடுக்கத் தோன்றவே இல்லை. மகா மேதை!)

என் மகள் செல்வியைப் பார்க்கக் கம்மாபுரத்திலிருந்து ஏழு பேர் வந்தார்கள். வாசலில் பதினான்கு செருப்பு, எண்ணினேன். ஏற்கெனவே நான்கு வரன் தட்டிப்போயிருந்தது. "இன்னைக்கு ஒரு நாளு அந்தப் பெட்டியத் தொடாதீங்க," என்று, தரையைக் கழுவிவிட்டுக்கொண்டே மனைவி கெஞ்சியிருந்தாள்.

மாப்பிள்ளையின் அப்பாவே கேட்டுவிட்டார். "ரேடியோங்களா? போடுங்க, கேப்போம்."

போட்டேன். ம்ம்ம்.

"உள்ள வண்டு பூந்துடுச்சா?"

மானம் போயிற்று. "கைய இப்படி வைங்க," என்று அவர் உள்ளங்கையைப் பெட்டிமேல் வைத்தேன். ஈரத்தரையில் வெறுங்கால், மனிதரே எர்த் ஆனார். இரைச்சல் பாதியாகி, யாரோ பேசுவது கேட்டது.

"அட, நான் தொட்டாதான் பேசுது!" அவருக்கு வாயெல்லாம் பல்.

அத்தோடு விட்டேனா? மீதி இரைச்சலும் போகட்டும் என்று, இரண்டு முனை பிளக்கைப் பிடுங்கித் திருப்பிச் செருகினேன்.

"யம்மாடி!"

அவர் மறுகையிலிருந்த டீ வேட்டியில் கொட்டியது. பெட்டியிலேயே கரண்ட் பாய, கையை எடுக்க முடியாமல் நின்ற இடத்திலேயே ஆடினார். நான் சிலையாகிவிட்டேன். உள்ளேயிருந்து பட்டுப்புடவையோடு ஓடிவந்த செல்வி, மெயின் சுவிட்சை இழுத்தாள். அவர் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார்.

ஃபேன் சுற்றி நின்றது. ஐந்தாவது வரனும் போயிற்று, போலீஸ்தான் வரவேண்டும் என்று நினைத்தேன்.

அவர் மூச்சு வாங்கியபடி கேட்டார். "மெயின ஆஃப் பண்ணது யாரு?"

"நான்தாங்க மாமா," என்றாள் செல்வி.

"இந்த வூட்ல ஒருத்தருக்காவது விவரம் இருக்குது." தன் மனைவி பக்கம் திரும்பினார். "இந்தப் பொண்ணையே பேசி முடிச்சுடு."

இன்று பேரன் கல்லூரிக்குப் போகிறான். எந்த விசேஷத்துக்குப் போனாலும் சம்பந்தி என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்:

"பொண்ணுக்கு எல்லாரும் சீரு கொடுப்பாங்க. எங்க சம்பந்தி ஷாக்கு கொடுத்தாருங்க!"