டிக்கெட் அக்கா போட்ட மாலை

எங்கள் நடிகரின் படங்கள் அம்பத்தூரில் ஓடியதற்கு அவர் காரணமில்லை. கதை, பாட்டு, சண்டை எதுவும் காரணமில்லை. டிக்கெட் அக்காதான் காரணம். இதைப் படித்தால் நடிகர் கோபித்துக்கொள்ளலாம். கோபித்துக்கொள்ளட்டும். அவர் ஒரு தடவையாவது எங்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கிறாரா?

எண்பதுகளின் கடைசியில் முதல் நாள் முதல் ஷோவுக்கு டிக்கெட் எடுப்பது ஆண்களுக்கு உயிர்ப் பிரச்சினை. கம்பி போட்ட குறுகலான சந்துக்குள் நுழைந்தால் நம் தலைமேல் நாலு பேர் நடந்து போவார்கள். வெளியே வரும்போது சட்டையில் பட்டன் இருக்காது. சிலருக்குச் சட்டையே இருக்காது. பெண்கள் கவுண்டரிலோ நிம்மதியாகக் காற்று வாங்கலாம். தொழிற்பேட்டையில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் கம்பெனியில் வேலை பார்த்த அக்கா, கூட வேலை செய்யும் பெண்களைத் திரட்டிக்கொண்டு வந்து அங்கே நிற்பார். எங்கள் ரசிகர் மன்றம் மொத்தத்துக்கும் டிக்கெட் வந்துவிடும். அதனால்தான் அந்தப் பெயர். அவருடைய சொந்தப் பெயரை நாங்கள் யாரும் கேட்டதே இல்லை.

அக்காவின் பக்தி லேசுப்பட்டதல்ல. எதிர் நடிகரின் காலண்டர் மாட்டிய மளிகைக் கடையில் உப்புகூட வாங்க மாட்டார். பல்வலி என்று போன இடத்தில், டாக்டர் எதிர் நடிகரின் ரசிகர் என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டு பல்லோடு திரும்பி வந்தவர்.

மன்றம் என்றால் டீக்கடையை ஒட்டி ஒரு கீற்றுக் கொட்டகை. வாசலில் ஒரு கரும்பலகை. கையெழுத்து நன்றாக இருக்கும் என்ற ஒரே தகுதியில் அதில் எழுதும் பொறுப்பு எனக்கு. காலையில் நான் எங்கள் நடிகரைப் பற்றி ஒரு வரி எழுதினால், போகிறவர் வருகிறவர் எல்லாம் கீழே பதில் எழுதுவார்கள். சாயங்காலத்துக்குள் எதிர் மன்றத்துக்காரன் எவனாவது எங்கள் வம்சத்தையே இழுத்திருப்பான். இன்றைக்குப் பிள்ளைகள் செல்போனில் முகம் தெரியாமல் சண்டை போடுவதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. நாங்கள் அதை எல்லாம் சாக்பீஸிலேயே முடித்துவிட்டோம்.

ஒரு தீபாவளிப் படத்துக்கு முன்னால் மன்றக் கூட்டம். தலைவர் ஒயரிங் அண்ணாத்தே பேசிக்கொண்டிருந்தார். எலெக்ட்ரீஷியன், குரலில் மட்டும் ஹை வோல்டேஜ். அக்கா நேராக உள்ளே வந்தார்.

"அண்ணாத்தே, நானும் மன்றத்துல மெம்பர் ஆவணும். இந்தத் தபா கட்-அவுட்டுக்கு நான்தான் மாலை போடுவேன்."

அண்ணாத்தே கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"இன்னாம்மா இது? பொம்பளை சாரம் ஏறுனா நல்லாவா கீது? ஊட்ல இன்னா சொல்லுவாங்கோ?"

"டிக்கெட் வாங்க சொல்லோ ஊட்ல ஒண்ணியும் சொல்லலியா? படத்துல அவரு பொம்பளைக்கு நாயம் கேக்க சொல்லோ கை தட்டுனியே, அது இன்னாத்துக்கு?"

அண்ணாத்தே சட்டென்று கூட்டத்தைக் கலைத்துவிட்டார்.

மறுநாள் பலகையில், "பெண்கள் மன்றத்தில் சேரலாமா?" என்று எழுதினேன். மத்தியானத்துக்குள் பலகையில் இடமில்லை. "கூடாது. நம் கலாச்சாரம் என்ன ஆவது?" என்று ஒருவர். அதன் கீழே, "கலாச்சாரத்தை விடு. போன படத்துக்கு உனக்கு யார் டிக்கெட் எடுத்தது?" என்று இன்னொருவர். "அவர்கள் வந்தால் உள்ளே பீடி பிடிக்க முடியாது" என்று ஒரு உண்மை விளம்பி. ஓரத்தில் எதிர் மன்றத்துக்காரன், "எங்களிடம் வாருங்கள் அக்கா, தலைவி ஆக்குகிறோம்" என்று எழுதியிருந்தான். ஷிப்ட் முடிந்து வந்த அக்கா என்னிடம் சாக்பீஸை வாங்கி, அவன் வரிக்குக் கீழே, "உங்காளு படத்தை நீயே பாரு" என்று எழுதிவிட்டுப் போனார். அப்புறம் அவர் மெம்பர் பேச்சையே எடுக்கவில்லை. விஷயம் முடிந்தது என்று அண்ணாத்தே நிம்மதியானார்.

படம் ரிலீஸான காலையில் அக்கா வழக்கம்போல் எல்லோருக்கும் டிக்கெட் எடுத்தார். அண்ணாத்தே பெரிய ரோஜா மாலையோடு, தியேட்டர் வாசலில் கட்-அவுட்டுக்குக் கட்டியிருந்த சாரத்தில் கால் வைத்தார்.

"எறங்கு அண்ணாத்தே" என்றார் அக்கா. டிக்கெட் மொத்தமும் அவருடைய கைப்பையில். "மாலை என் கைக்கு வந்தா, டிக்கெட் உங்க கைக்கு வரும்."

அண்ணாத்தேவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மாலையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆண்கள் வரிசைக்குள் பாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் மாலை முழுசாக வெளியே வந்தது. அண்ணாத்தே பாதிதான் வந்தார், ஒரு செருப்பும் ஒரு சட்டைக் கையும் இல்லை. டிக்கெட்டும் இல்லை. அப்படியே பெண்கள் வரிசைப் பக்கம் ஓடினார். அங்கே அவருடைய சம்சாரம் நின்றுகொண்டிருந்தார்.

"நீ எங்க இங்க? சரி, எனக்கு ஒண்ணு எடு."

"மன்ற ஷோவுக்கு ஊட்டுப் பொம்பளைங்க வரக்கூடாதுன்னு வருசக்கணக்கா உக்கார வெச்சியே. நான் அக்கா கூட வந்துகீறேன். மாலைய அக்கா கைல குடு."

ஹவுஸ்புல் போர்டு மாட்டிவிட்டார்கள். அண்ணாத்தே போர்டைப் பார்த்தார், சம்சாரத்தைப் பார்த்தார், நேராக அக்காவிடம் வந்து மாலையை நீட்டினார். "மெம்பர்தான். பாத்து ஏறும்மா, மூணாவது கட்டை ஆடுது."

அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினார். ஆடுகிற கட்டையை அண்ணாத்தேவே கீழிருந்து பிடித்துக்கொண்டார். உச்சியில் நடிகரின் கழுத்தில் மாலை விழுந்ததும் அக்கா எங்கள் பக்கம் திரும்பினார். கையெடுத்துக் கும்பிட வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. முகம் கொள்ளாமல் சிரித்தபடி அப்படியே நின்றார். உள்ளே மணி அடித்தது. படம் போட்டுவிட்டார்கள்.

"எல்லாரும் போங்கடா, நான் எறங்கி வரேன்" என்று மேலிருந்து கத்தினார்.

ஒருத்தரும் நகரவில்லை. எந்தக் காட்சிக்காகச் சட்டையைக் கிழித்துக்கொள்வோமோ, எங்கள் நடிகர் திரையில் முதன்முதலாகத் தோன்றும் அந்தக் காட்சியை அன்றைக்கு மன்றமே கோட்டைவிட்டது. அதற்கப்புறம் அந்தப் படத்தை எத்தனையோ தடவை டிவியில் போட்டுவிட்டார்கள். அந்த இடம் வரும்போது எனக்கு நடிகர் கண்ணில் படுவதே இல்லை, அக்காதான் நிற்கிறார்.