வீமன் கடிக்க மறந்த விதம்

வாழ்க்கையில் நான் உருப்படியாகச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்றுதான். படித்த மாணவனுக்கு நாலு கால். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமை. ஆனால் அந்தப் பெருமையைக் காட்டப்போய் அக்காவின் கல்யாணத்தைக் குழப்பப் பார்த்தவனும் நான்தான்.

எழுபதுகளின் நடுப்பகுதி. புங்குடுதீவு மடத்துவெளியில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். (காத்திருப்பது என்றால் சாப்பிடுவதும் படுப்பதும்.) சாட்டியில் ஒரு நண்பன் வீட்டிலிருந்து வீமனைத் தூக்கிவந்தேன். இரண்டு மாத நாய்க்குட்டி; பல் ஒவ்வொன்றும் ஊசி. அப்பாவின் வேட்டிக் கரை, அம்மாவின் குதிக்கால், அக்காவின் பின்னல் எதையும் அது விடவில்லை.

அடுத்த மாதம் அக்காவைப் பார்க்க வேலணையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது.

“அவை வாற அண்டைக்கு இது ஆரையும் கடிச்சுதெண்டால், கொண்டுபோய் எடுத்த இடத்திலையே விட்டிட்டு வா,” என்றார் அப்பா.

அடித்துத் திருத்தச் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. நண்பன் வீட்டில் குட்டிகள் விளையாடுவதைக் கவனித்திருந்தேன். ஒன்று அழுத்திக் கடித்தால், கடிபட்டது ‘ஆவ்’ என்று கத்திவிட்டு விலகிப்போய்விடும். கடித்தது விளையாட ஆளில்லாமல் திகைத்து நிற்கும்.

அதையே வீட்டுச் சட்டமாக்கினேன். கடித்தால் இழுக்கக் கூடாது. இழுத்தால் அதற்கு அது விளையாட்டு. குட்டியின் குரலில் ‘ஆவ்’ என்று கத்திவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி, இருபது எண்ணும்வரை அசையாமல் நிற்க வேண்டும். விட்டதும் கடிப்பதற்குச் சூப்பிய பனங்கொட்டை ஒன்று கொடுக்க வேண்டும். யாரைக் கடித்தாலும் வீட்டில் எல்லோரும் திரும்ப வேண்டும்.

அப்பா கோயில் கூட்டங்களில் கணீரென்று பேசுகிற மனிதர்.

“நான் நாய்க்குட்டி மாதிரிக் கத்துறதோ? என்னாலை ஏலாது.”

“அப்ப கடிபடுங்கோ,” என்றாள் அக்கா.

மூன்றாம் நாள் காலை கிணற்றடியிலிருந்து ஓர் ‘ஆவ்’ கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். அப்பா ஈரவேட்டியோடு வேலியைப் பார்த்தபடி எண்ணிக்கொண்டு நின்றார். பதினெட்டு வரை வந்திருந்தார்.

மூன்று கிழமையில், இருபத்தொரே நாளில், வீமன் திருந்திவிட்டது. பல்லை வைத்தாலும் அழுத்தாது. நாங்கள் கத்தினால் உடனே விட்டுவிடும்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை, தகப்பன், தாய். தாயின் நாக்குக்கு வேலணையே பயம் என்று கேள்விப்பட்டிருந்தோம். நாயைக் கட்டிவைக்கும்படி அம்மா இரண்டு தரம் சொன்னார். நான் கட்டவில்லை. மாணவனைச் சபையில் காட்டும் ஆசை.

மாப்பிள்ளையின் தாய் கதிரையில் உட்கார்ந்து காலை ஆட்டினார். பட்டுச் சேலைக் கரை ஆடியது. வீமன் பாய்ந்து கவ்வியது.

அவ்வளவுதான். அப்பா, அம்மா, நான், தேத்தண்ணீர்த் தட்டோடு வந்த அக்கா, நாலு பேரும் ஒரே குரலில் ‘ஆவ்’ என்று கத்திவிட்டு நாலு சுவரையும் பார்த்துத் திரும்பிவிட்டோம். மாப்பிள்ளையின் தகப்பன் எங்களைப் பார்த்தார். இது இந்த வீட்டு வழக்கமாக்கும் என்று நினைத்து, எழும்பிக் கைகூப்பியபடி அவரும் சுவரைப் பார்த்தார். தகப்பனைப் பார்த்து மாப்பிள்ளையும் சுவர்ப்பக்கம் திரும்பினார்.

பன்னிரண்டு எண்ணும்போதுதான் என்ன செய்துவிட்டோம் என்று எனக்கு உறைத்தது. ஆனால் இடையில் திரும்பினால் பாடம் கெட்டுவிடும். இருபது வரை எண்ணினேன்.

திரும்பிப் பார்த்தால், வீமன் சேலையை விட்டுவிட்டு வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. பட்டில் ஒரு நூல்கூட அறவில்லை. வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தபோதும் என் நெஞ்சு ஒரு அங்குலம் நிமிர்ந்தது.

அப்பா தட்டுத்தடுமாறி விளக்கம் சொன்னார். மாப்பிள்ளையின் தாய் முழுவதும் கேட்டார்.

“ஆர் பழக்கினது?”

அப்பா என்னைக் காட்டினார். (காட்டிக்கொடுத்தார் என்பதே சரி.)

“முப்பது வருசமா நான் சொல்லி இந்த மனுசன் ஒரு பக்கமும் திரும்பினதில்லை. இண்டைக்குச் சொல்லாமலே திரும்பிட்டார்,” என்றவர், தட்டிலிருந்து தேத்தண்ணீரை எடுத்தார். கல்யாணம் அங்கேயே முடிவானது. வீமனும் எங்களோடேயே இருந்தது.

கல்யாணமாகி ஒரு மாதம். வேலணை வீட்டில் அக்கா வைத்த தேங்காய்ப்பால் சொதியை வாயில் வைத்த அத்தானின் தாய், மாமி, “இது சொதியோ, சட்டி கழுவின தண்ணியோ?” என்றாராம். அக்கா எதிர்த்துப் பேசவில்லை. மெதுவாக ‘ஆவ்’ என்றுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பினாள். மறுகணம் அத்தானும் அவருடைய தகப்பனும் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். மாமி தனியே இருந்து யோசித்து, பிறகு சிரித்தாராம்.

அதன்பிறகு மாமி கடிந்து பேசும்போதெல்லாம் அந்த வீட்டில் இதே பாடம் நடந்ததாம். சில வருடம் கழித்து, நான் அங்கே இருக்கும்போது யார் வந்தாலும் மாமி என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துவார்:

“இவர்தான் எங்கடை வாத்தியார். இவரின்ரை நாய்க்கு மூண்டு கிழமை எடுத்தது. எனக்கு ரண்டு வருசம்.”