பாதி மெமரி போதும்

அந்தப் பிறப்பு இறப்புப் பதிவகத்தில் தினமும் காலையில் ஜன்னல்கள் திறக்கும். வரிசை நகரும். மின்விசிறிக்குக் கீழே நல்ல இடம் பிடித்தவர்கள், இன்றைக்குக் காரியம் ஆகிவிடும் என்று நம்ப ஆரம்பிப்பார்கள். அந்த நேரம் பார்த்து, பதிவுகளை எல்லாம் தாங்கும் பெரிய கணினியான சர்வர் விழுந்துவிடும். அது மறுபடி எழுந்திருக்கும்வரை, அரசாங்கக் கணக்குப்படி, ஊரில் யாரும் பிறப்பதில்லை, யாரும் சாவதுமில்லை. மனித குலம் நெடுங்காலமாக ஏங்கிக்கொண்டிருந்த இந்தச் சாதனையைப் பாராட்ட ஒருவருக்கும் மனம் வரவில்லை. வரிசையில் நின்றவர்கள் சர்வரைத் திட்டினார்கள். சர்வரைத் திட்டி அலுத்தவர்கள் அதை சப்ளை செய்தவனைத் திட்டினார்கள்.

சப்ளை செய்தவர் பாதிவிலையார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது வங்கிப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. எதிராளி விலையைச் சொல்லி வாயை மூடுவதற்குள் "அதுல பாதி" என்று சொல்லிவிடுகிற பழக்கத்தால் ஊர் வைத்த பெயரே நிலைத்துவிட்டது. பல் வைத்தியரிடமும் பாதி என்று சொல்லி, அவரும் கோபத்தில் பாதிப் பல்லை மட்டும் பிடுங்கி அனுப்பினார் என்று ஒரு கதை உலவுகிறது. அது பொய். முக்கால் பல் வந்துவிட்டது.

பள்ளிக்கூடம் அவரைச் சீக்கிரமே கைகழுவிவிட்டது. கடைத்தெரு விடவில்லை. தலையில் குட்டிக் குட்டிப் பாடம் நடத்தியது. பழைய இரும்பு, மின்விசிறி, கடைசியில் கணினி என்று அவர் மேலே வந்ததெல்லாம் ஒரே ஒரு வித்தையால். விலையைக் கேட்டதும் முகம் சிவக்க வேண்டும். "யாருக்கு வேணும் உன் சரக்கு?" என்று கடையைவிட்டு இறங்க வேண்டும். இறங்கி மெதுவாக நடக்க வேண்டும். கடைக்காரர் கூப்பிடுவார். கூப்பிடாத கடைக்காரர் இன்னும் பிறக்கவில்லை என்பது அவருடைய சித்தாந்தம்.

பதிவகத்துக்கு சர்வர் வாங்கப் போனபோதும் இதேதான். கணினிக் கடைக்காரர், இந்த வேலைக்கு இவ்வளவு மெமரி வேண்டும் என்று ஓர் அளவைச் சொன்னார்.

"அதுல பாதி போடும்," என்றார் பாதிவிலையார்.

"இது விலை இல்லீங்க, அளவு. மெஷின் கேக்குது."

"கேட்டதெல்லாம் குடுக்க அது என்ன புது மாப்பிள்ளையா? நான் பெத்த பொண்ணு கேட்டதையே பாதிதான் வாங்கிக் குடுத்திருக்கேன்."

சொல்லிவிட்டு இறங்கி நடந்தார். கடைக்காரர் கூப்பிட்டார். சர்வருக்குள் பாதி மெமரி போனது. ஓர் இயந்திரத்தையே பேரத்தில் மடக்கிவிட்ட பெருமையில் அன்றைக்கு அவர் வீட்டுக்கு விசிலடித்துக்கொண்டே போனார்.

அந்தப் பெண்தான் இப்போது பிரச்சினை. செவிலியர் படிப்பை முடித்த மகளுக்குக் கடல் தாண்டி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் புதிதாக எடுத்த பிறப்புச் சான்றிதழ் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்கு. அவள் பலமுறை வரிசையில் நின்றாள். அவள் முறை வரும்போதெல்லாம் சர்வர் விழுந்தது.

"உங்க மெஷின்தானே, நீங்களே போய் என்னன்னு கேளுங்க," என்றாள் மனைவி. அந்த "உங்க"வில் ஓர் அழுத்தம் இருந்தது. அதை அவர் கேட்காத மாதிரி சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பதிவகத்தின் இயக்குநர் சிந்தனையாளர். எந்த அலுவலகத்தில் எந்தப் புதுமை வந்தாலும் அது தன் அலுவலகத்திலும் இருக்க வேண்டும் என்று சிந்திப்பவர். நிர்வாக நுணுக்கமும் உண்டு. இரண்டாம் ஜன்னலில் உட்கார்ந்திருந்த அம்மாள் முன்னால் மட்டும் எப்போதும் கூட்டம் நிற்பதைக் கவனித்து, கூட்டத்துக்குக் காரணம் அந்த அம்மாள்தான் என்று கண்டுபிடித்து, நிர்வாக நலன் கருதி அவரைக் கிடங்குக்கு மாற்றியவர். அந்த ஜன்னலில் மட்டும்தான் வேலை நடந்தது என்று சிலர் முணுமுணுத்தார்கள். கூட்டம் குறைந்தது உண்மைதானே என்று கேட்டதும் அடங்கிவிட்டார்கள்.

சர்வர் விழுவது பற்றி உயர்மட்டக் கூட்டம் நடந்தது. சப்ளை செய்தவர் என்ற முறையில் பாதிவிலையாரையும் அதில் உட்கார வைத்தார்கள். பதிவகத்தின் கணினிப் பொறியாளர் விஷயத்தை நேராகச் சொன்னார். டேட்டாபேஸ் என்பது ஊரார் பதிவு எல்லாம் இருக்கிற அலமாரி. மெமரி என்பது அதிலிருந்து எடுத்து விரித்துப் பார்க்கிற மேசை. காலையில் கூட்டம் வந்ததும் மேசை நிரம்பிவிடுகிறது. மேசையைப் பெரிதாக்கினால் போதும். "மெமரி பத்தலை சார். அவ்வளவுதான்."

பத்தாமல் போனது யாரால் என்று பாதிவிலையாருக்குத் தெரியும். அதை மறைக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி கோபப்படுவது. மேசையைத் தட்டினார். பத்தலை, பத்தலை என்பது சோம்பேறிகள் பேச்சு என்றார். அவர் வீட்டில் பாதிக் குழம்பை வைத்துக்கொண்டு ஏழு பேர் வளர்ந்த கதையைச் சொன்னார். "மெமரி இருக்கு சார். எவனோ உள்ள உக்காந்து தின்னுறான். முதல்ல அவனைப் பிடிங்க."

இயக்குநர் கண்கள் மின்னின. "கண்காணிப்பு," என்றார். அவர் போன வாரம்தான் இன்னொரு அலுவலகத்தில் அப்படி ஒன்றைப் பார்த்து ஏங்கிவிட்டு வந்திருந்தார்.

அப்படியே மெமரியை யார் தின்கிறார்கள் என்று பார்க்க ஒரு மென்பொருள் ஏற்றப்பட்டது. அது பார்ப்பதற்கு அதற்கும் கொஞ்சம் மெமரி வேண்டியிருந்தது. சர்வர் முன்னைவிடச் சீக்கிரம் விழுந்தது. பார்க்கிறவன் சரியாகப் பார்க்கிறானா என்று பார்க்க இன்னொன்று ஏற்றினார்கள். வரவேற்பறையில் சுவர் அகலத்துக்கு ஒரு திரை வைத்து, சர்வரின் உடல்நிலை பச்சையாகவும் சிவப்பாகவும் அசைந்தாடும்படி செய்தார்கள். எல்லா அலுவலகத்திலும் பேசும் உதவியாளர் வந்துவிட்டதால் இங்கேயும் ஒன்று வந்தது. "வணக்கம், தாங்கள் பிறந்திருக்கிறீர்களா, இறந்திருக்கிறீர்களா?" என்று அது இனிமையாக விசாரித்தது. இப்போது சர்வர் ஜன்னல்கள் திறப்பதற்கு முன்பே விழுந்துவிட, யாரும் நம்பி ஏமாற வேண்டிய அவசியமில்லாமல் போயிற்று.

ஒவ்வொன்றையும் ஏற்றியது பொறியாளர்தான். பத்தாது என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டு, சொல்லியாயிற்று என்ற திருப்தியோடு ஏற்றினார். கடைசியில் கண்காணிப்பின் முடிவு வந்தது. மெமரி தீர்ந்துபோனால், உள்ளே யார் அதிகம் எடுத்திருக்கிறார்களோ அவர்களைப் பிடித்து வெளியே தள்ளுவது இயந்திரத்தின் வழக்கம் என்று அவர் விளக்கினார்.

"யாரைத் தள்ளுது?" என்றார் இயக்குநர்.

"டேட்டாபேஸை சார். உள்ள வேலை செய்யறது அது ஒண்ணுதானே."

"ஆக, குற்றவாளியை இயந்திரமே அடையாளம் காட்டிவிட்டது."

பொறியாளர் வாயைத் திறந்து, பிறகு கிடங்கில் இருக்கும் அம்மாளை நினைத்து, மூடிக்கொண்டார். பாதிவிலையாரும் வாயைத் திறக்கவில்லை. பழி தன்னை விட்டுவிட்டு டேட்டாபேஸ் பக்கம் போய்க்கொண்டிருந்தது. போகிற பழியைக் கூப்பிட்டு உட்கார வைக்க அவருக்கென்ன பைத்தியமா?

மேற்படி டேட்டாபேஸ் என்னும் தரவுத்தளம், ஏனைய மென்பொருள்கள் யாவும் சிக்கனம் காத்துவரும் நிலையில், தான் மட்டும் அளவுக்கு மீறி மெமரியை உட்கொண்டு அலுவலகப் பணிக்குக் குந்தகம் விளைவித்தமைக்குத் தக்க விளக்கம் அளிக்குமாறு குறிப்பாணை அனுப்பப்பட்டது. விளக்கம் வரவில்லை. வராததால் குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டதாகக் கருதி, விசாரணை முடியும்வரை தரவுத்தளம் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டது. பொறியாளர் அதை நிறுத்தினார்.

அதற்குப் பிறகு சர்வர் விழவே இல்லை.

வரவேற்பறைத் திரை மேலிருந்து கீழ்வரை பச்சைப் பசேல் என்று ஆனது. பேசும் உதவியாளர் தங்குதடையின்றிப் பேசியது. வரிசையும் வேகமாக நகர்ந்தது. ஜன்னலுக்குப் போனால் பெயரைக் கேட்ட உடனே "பதிவு இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஜனங்களும் மகிழ்ந்தார்கள். "முன்னெல்லாம் நாள் பூரா நின்னாத்தான் இல்லைன்னு சொல்லுவாங்க. இப்ப வந்ததும் சொல்லிடறாங்க, வேற சோலியைப் பார்க்கலாம்," என்று ஒரு பெரியவர் மெச்சிக்கொண்டே போனார். குறைந்த மெமரியில் நிறைந்த சேவை வழங்கியதற்காகப் பாதிவிலையாருக்குக் கேடயம் கொடுத்தார்கள். அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தார். மகள் அதைப் பார்த்தாள்.

"நான் இன்னும் பிறக்கலையாம்ப்பா," என்றாள். "அந்தப் பேசற பொட்டி சொல்லுது. இன்னும் ரெண்டு நாள்ல வெள்ளிக்கிழமை."

அவள் அழவில்லை, கத்தவில்லை. பயணப் பெட்டியை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அந்தச் சத்தம் பாதிவிலையாரை உட்கார விடவில்லை. எடுத்தார் செருப்பை, கணினிக் கடைக்குப் போனார்.

அன்றைக்கு வேண்டாமென்று விட்ட மீதி மெமரி இரண்டு துண்டு. விரல் நீளம்தான் இருக்கும். கடைக்காரர் விலையைச் சொன்னார். மகளின் முகம் கண்முன்னே நின்றது. முழு விலையைக் கொடுக்கத்தான் அவர் வாயைத் திறந்தார். வாய் தன்பாட்டுக்கு "அதுல பாதி" என்றது. சொல்லியாகிவிட்டதால் முகம் சிவந்தது. முகம் சிவந்துவிட்டதால் கடையைவிட்டு இறங்க வேண்டியிருந்தது. மெதுவாக நடந்தார். இன்னும் மெதுவாக நடந்தார். முனைக்கு வந்து செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்தார். வார் சரியாகத்தான் இருந்தது. பின்னாலிருந்து யாரும் கூப்பிடவில்லை.

திரும்பிப் போனபோது கடைக்காரர் நிதானமாகத் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "என்னங்க, பேரம் முடிஞ்சுதா?" என்றார். பாதிவிலையார் வாழ்க்கையில் முதல் தடவையாக முழு விலை கொடுத்தார். ரசீது கூடக் கேட்கவில்லை.

பொட்டலத்தோடு இயக்குநர் முன் போய் நின்றார். இதை இனாமாகத் தருகிறேன், சர்வரில் போட்டு டேட்டாபேஸைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றார்.

"எதற்கு? விழவே இல்லாத இயந்திரத்துக்கு வைத்தியமா? கேடயம் வாங்கிய இயந்திரம் ஐயா அது."

"சார், இனாம் சார்."

"இனாம் என்பதால்தான் சந்தேகமாக இருக்கிறது. சரி, உங்களுக்காக ஒன்று போட்டுக்கொள்ளலாம்."

"ரெண்டும் போட்டாத்தான் சார் தாங்கும்."

"பாதி போதும் என்று மேசையைத் தட்டிச் சொன்னது யார்? குழம்புக் கதையெல்லாம் சொன்னீர்களே."

கொடுக்கிறவர் கெஞ்ச, வாங்குகிறவர் குறைக்க, பேரம் நீண்டது. இறங்கி நடந்து பார்க்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இந்த ஆள் கூப்பிட மாட்டார் என்று அந்தக் கடைத்தெரு முனை ஞாபகப்படுத்தியது. ஒரு துண்டுக்கு ஒப்புக்கொண்டு, மற்றதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இனாம் கொடுப்பதிலும் பாதிக்கு இறங்கிவந்த முதல் வியாபாரி அவராகத்தான் இருக்க வேண்டும்.

பொறியாளர் ஒரு துண்டைச் செருகி, தரவுத்தளத்தை மன்னித்துப் பணியில் சேர்த்தார். சர்வர் எழுந்தது. ஜன்னலுக்கு முதலில் ஓடியவள் மகள். "பதிவு இருக்கு," என்றார் ஜன்னல்காரர், அவருக்கே ஆச்சரியம். அச்சுப்பொறி உறுமியது. தாள் மெல்ல வெளியே வர ஆரம்பித்தது. பெயர் வந்தது. தகப்பனார் பெயர் வந்தது.

அதே நேரம் இயக்குநர் வரவேற்பறைத் திரை முன் நின்றிருந்தார். அதில் புதிதாக ஓர் ஓரத்தில் "காலி இடம்" என்று காட்டியது. காலியாக எதுவும் கிடப்பது அவருக்குப் பிடிக்காது, அது நிர்வாகத் திறமையின்மை. பேசும் உதவியாளருக்குப் பாடவும் வருமாமே, அதையும் ஏற்றுங்கள் என்றார். ஏற்றினார்கள். ஒரு வரி பாடியது. சர்வர் விழுந்தது. அச்சுப்பொறி தாளைப் பாதியில் பிடித்துக்கொண்டு நின்றது.

ஜன்னல்காரர் வந்தவரைக்கும் உருவிக் கொடுத்தார். மேல்பாதியில் எல்லாம் தெளிவாக இருந்தது. தேதி வரவேண்டிய கீழ்ப்பாதி வெள்ளையாக இருந்தது. மகள் பிறந்தது உறுதி. எப்போது என்பதுதான் அரசாங்கத்துக்குத் தெரியவில்லை.

பாதிவிலையார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்த வாயெடுத்தார். அதற்குள் வரிசை அவரைச் சூழ்ந்துகொண்டது. "பாதி கிடைச்சுடுச்சா? யாரைப் பிடிச்சீங்கண்ணே? எங்களுக்கும் சொல்லி பாதியாவது வாங்கிக் குடுங்க." எல்லோர் கண்ணிலும் பொறாமை. அந்தக் கோபத்திலும் அவருக்குக் கொஞ்சம் மனம் குளிர்ந்தது. "பார்க்கலாம், பார்க்கலாம்," என்று சொல்லிவிட்டார். மறுநாள் ஜன்னலில் "இங்கு பாதிச் சான்றிதழ் மட்டும் வழங்கப்படும்" என்று பலகை மாட்டியிருந்தார்கள். வரிசை தெருவரைக்கும் நீண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மகள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, கையில் இருப்பது பாதிதான் என்று உள்ளதைச் சொன்னாள். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டு, பல நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

"கெடு எல்லாம் தள்ளிப் போச்சாம்ப்பா. அங்க அவங்க சர்வர் விழுந்து கிடக்குதாம். யார் சான்றிதழையும் ஏத்த முடியலையாம். அது எழுந்திரிக்கிற வரைக்கும் யாரும் கிளம்ப வேணாம்னுட்டாங்க."

"அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில எப்படி விழுந்துச்சாம்?"

"மெமரி பத்தலையாம். வாங்கும்போதே யாரோ குறைச்சுட்டாங்களாம்."

பாதிவிலையார் நாற்காலியைவிட்டு எழுந்தார். முகம் சிவந்தது. இந்தத் தடவை வித்தைக்காக இல்லை, நிஜமாகவே. "உயிர் காக்கற இடத்துல போயி விளையாடியிருக்கான் பாரு. எத்தனை பிள்ளைங்க பெட்டியைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கும்? எவன் அந்த அறிவு கெட்டவன்? அவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா..."

மனைவி கேடயத்துக்குப் பக்கத்தில் கிடந்த அந்த மீதி மெமரித் துண்டை எடுத்தாள். முந்தானையால் தூசி துடைத்தாள். எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

அவர் மெதுவாக உட்கார்ந்தார்.