பலாப்பாலும் பதினாறு பிள்ளைகளும்

டிப்ளோமாச் சான்றிதழ் வாங்கியவர்களை முதல் மூன்று மாதம் வாய் திறக்க விடக் கூடாது என்று ஒரு சட்டம் வேண்டும். அப்படி ஒன்று இருந்திருந்தால் எனக்கு இந்தக் கதையைச் சொல்லும் அவமானம் வந்திருக்காது.

பயிற்சி முடித்த கையோடு பிலிமத்தலாவையில் ஒரு சின்ன முன்பள்ளியில் சேர்ந்தேன். தற்காலிக வேலை. அதிகாரி ஒருவர் வந்து என் வகுப்பைப் பார்த்து நல்லபடியாக எழுதினால் நிரந்தரம். இல்லாவிட்டால் கண்டியில் அண்ணனின் துணிக்கடையில் சேலை மடிக்க வேண்டியதுதான். (அண்ணன் நான் உட்காரவென்று ஒரு கதிரையைக் காலியாகவே வைத்திருந்தான். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.)

எனக்கோ பயம் என்பதே இல்லை. 'பிள்ளைகள் தொட்டுப் பார்த்தே கற்க வேண்டும்' என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். அதிகாரி வரும் நாளில் படம் காட்டாமல் நிஜப் பலாக்காயையே வெட்டிக் காட்டுவது என்று முடிவெடுத்து, ஒரு பிஞ்சுக் காயை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினேன்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ராணி அக்கா காயைப் பார்த்ததும் கேட்டார்: "எண்ணெ கொண்டாந்தீங்களா மிஸ்? கத்தியிலயும் கையிலயும் தடவிக்கிட்டுத்தான் இத அறுக்கணும்."

எங்கள் வீட்டிலும் பலாக்காய்க் கறி அடிக்கடி உண்டு. ஆனால் நான் சாப்பிடும் பிரிவில் மட்டுமே வேலை பார்த்தவள்.

"எண்ணெ தடவினா இயற்கையான அனுபவம் கெட்டுப்போயிரும் அக்கா" என்றேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அதிகாரி மேடம் கோப்போடு பின்னால் உட்கார்ந்தார். நான் காயை இரண்டாக வெட்டினேன். வெள்ளை வெளேரென்று பால் வடிந்தது. யாருக்குத் தொட்டுப் பார்க்க ஆசை என்று கேட்டதுதான் தாமதம், பதினாறு பிள்ளைகளும் பாய்ந்தார்கள்.

இரண்டே நிமிடம். கைகோத்த இருவரைப் பிரிக்க முடியவில்லை. ஒருத்தியின் விரல்களுக்குள் பிசின் நூல் நூலாக இழுத்தது. ஒருவன் கதிரையோடு எழுந்து நின்றான். ஒரு பிள்ளை அழ, அதைப் பார்த்து மற்றதெல்லாம் அழுதது. சவர்க்கார நுரை போட்டுத் தேய்த்தேன், பிசின் இன்னும் பரவியது. உதவிக்கு வந்த மேடத்தின் உள்ளங்கையில் கோப்பு ஒட்டிக்கொண்டது. அண்ணன் கடைக் கதிரை என் கண்முன் வந்து நின்றது.

அப்போது தர்ஷினி என்ற வாண்டு, கையைத் துடைக்க வேறிடம் கிடைக்காமல், முன்னால் நின்ற கவினின் தலையில் துடைத்தாள். அவன் அம்மா தினமும் நெற்றியில் வழியுமளவுக்குத் தேங்காய் எண்ணெய் வைத்து அனுப்புவார். தர்ஷினி கையைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் துடைத்தாள்.

"மிஸ், இவன் தலையில தேச்சா போயிருது."

அழுகை நின்றது. வகுப்பே கவினை நோக்கிப் போனது. அவனும் தனக்கு ஏதோ மரியாதை நடக்கிறது என்று தலையைக் குனிந்து காட்டினான். ஆசிரியை என்ற முறையில் நான் அதைத் தடுத்திருக்க வேண்டும். (உண்மையைச் சொன்னால், வரிசையில் நான் நாலாவது ஆள்.)

"கொஞ்சம் தள்ளுங்க மிஸ்" என்றார் பின்னாலிருந்து மேடம்.

ராணி அக்கா எண்ணெய்ப் போத்தலோடு ஓடி வந்தபோது எல்லோர் கையும் சுத்தம், கவின் தலையைத் தவிர.

மேடம் தன் அறிக்கையில் இப்படி எழுதினார்: 'பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடிக்கிறார்கள். ஆசிரியை குறுக்கிடுவதில்லை.' வேலை நிரந்தரமானது. ஆனால் அன்று பகல் கவினைக் கூட்டிப்போக அவன் அம்மா வந்தபோது நான் வாசலுக்கே ஓடினேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் மகனின் தலையைத் தடவினார். விரல் உள்ளே போகவில்லை.

"சரி விடுங்க மிஸ்" என்றார் கடைசியில். "கதிர்காமத்துல இவனுக்கு மொட்டை போடுறதா நேர்ந்து மூணு வருசமாச்சு. சாமியே ஞாபகப்படுத்திட்டாரு."

இன்றும் நான் புதிதாக எதையாவது தொடங்கினால், "எண்ணெ எடுத்துக்கிட்டியா?" என்று அண்ணன் கேட்பான். என் கல்யாணத்தன்று மணவறைக்குப் போகும்போதுகூடக் கேட்டான். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். கவின் இப்போது தரம் எட்டில் படிக்கிறான். கண்டி பஸ் நிலையத்தில் என்னைக் கண்டால் வணக்கம் சொல்வதற்கு முன்பே இரண்டு கையாலும் தலையை மூடிக்கொள்கிறான்.