கறுப்பு ஆயிலில் தெரிந்த கண்டம்

“வித்துத் தொலைம்மா! எஞ்சினுக்குக் கண்டம்னு ஐயாவே சொல்லிட்டார்!”

“ஓடுற வண்டியை எதுக்குண்ணே விக்கணும்? நீங்களா வந்து என் வீட்டு அடுப்பை எரியவிடப் போறீங்க?”

“நடுரோட்டுல எஞ்சின் வெடிச்சு நீ போய்ச் சேர்ந்தா, உன் பொண்ணுங்களை நான்தானே பார்க்கணும்!”

லாரி ஷெட்டில் அண்ணனும் தங்கையும் போட்ட சத்தம் எங்கள் மாடி வரை கேட்டது. சரியாகக் கேட்காத வார்த்தைகளுக்காக நான் இறங்கிப் போய் வாசலைப் பெருக்கினேன். காலையிலேயே பெருக்கிய வாசல்தான்.

தங்கைதான் லாரிக்காரம்மா. புருஷன் செத்தபோது அவளுக்கு மிச்சமானவை இரண்டு பெண் பிள்ளைகளும் ஒரு கிழட்டு டீசல் லாரியும். புகை விடும், முனகும், ஆனால் சொன்ன இடத்துக்குப் போய்ச் சேரும். அது ஓடினால்தான் பிள்ளைகளுக்குச் சோறு, பள்ளிக்கூடம் எல்லாம். அண்ணனோ, யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவதற்கென்றே கழுத்தை வளர்த்து வைத்திருப்பவர்.

கண்டம் சொன்னவர் சொட்டு ஐயா. கடைத்தெருவுக்குப் பின்னால், ஷட்டர் போட்ட ஓர் அறை. வாசலில் கிழட்டு லாரிக்காரர்களின் வரிசை. ஆளுக்கொரு பாட்டிலில் எஞ்சின் ஆயில். இருமல் மருந்து பாட்டில், ஊறுகாய் பாட்டில், ஒருவர் கையில் பிள்ளையின் பால் பாட்டில்கூட! ஐயா அதில் ஒரு சொட்டை எடுத்து மை ஒற்றும் தாளில் விடுவார். சொட்டு வட்டமாய்ப் பரவும். வெளிவட்டம் ஆயுளாம், உள்வட்டம் கண்டமாம். நடுவில் கறுப்பு தெரிந்தால் எமன் எஞ்சினுக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டானாம். பழைய டீசல் வண்டியில் ஆயில் கறுக்காமல் பின்னே என்ன, ரோஜா நிறத்திலா வரும்? இதைக் கேட்க அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை. பரிகாரம் ஒன்றே ஒன்று: வண்டியை உடனே கைமாற்றிவிட வேண்டும். வாங்கிக்கொள்ளும் பெருமனசுக்காரர் வெளியூரில் எங்கேயோ இல்லை, பக்கத்து அறையிலேயே இருந்தார். ஐயாவின் மச்சான்.

ஷெட் சண்டையை நிறுத்தியவள் அண்ணி, அதாவது அந்த அண்ணனின் பெண்டாட்டி. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை.

“அந்தாளு சொட்டைப் பார்க்கிறதுக்கு முன்னாடி என்ன கேட்டாரு?” என்றாள் புருஷனிடம்.

“யாரு வண்டின்னு கேட்டாரு. எத்தனை வருஷ வண்டின்னு கேட்டாரு. இதுல என்ன தப்பு?”

“ரத்தத்தைக் குடுத்தா நாங்க ரத்தத்தைப் பார்த்துச் சொல்லுவோம். ஆளோட மூஞ்சியைப் பார்த்தா சொல்லுவோம்? நாளைக்கு நானும் வரேன். எனக்கு முன்னாடி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. முக்கியமா நீங்க.”

மறுநாள் நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை. பெண்பிள்ளைகள் இருவரும் தனியாகப் போகலாமா? கூட வந்த அண்ணனைத் துணை என்று சொல்ல முடியாது.

வழியில் அண்ணி டயர்க் கடையில் நின்றாள். ஐயாவின் புத்தம்புது வேன் அங்கே காற்றடிக்க நின்றிருந்தது. டயர்க் கடைக்காரர் ஐயாவின் பரம பக்தர். மனைவி இல்லாத மனிதர், பொழுது போக வேண்டாமா!

“அண்ணே, ஐயா மேல உங்களுக்கு நம்பிக்கை இருக்கில்ல?”

“உசுரே வச்சிருக்கேன்மா!”

“அப்ப சோதிச்சா பயம் இல்லையே?”

மனிதர் மாட்டிக்கொண்டார். வேனில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை அவர் கையாலேயே உருவச் சொல்லி, ஆயிலை ஒரு பாட்டிலில் வடிக்க வைத்தாள் அண்ணி. லாரிக்காரம்மாவின் லாரி ஆயில் இன்னொரு பாட்டிலில். அண்ணி சீட்டு ஒட்டினாள், மாற்றி ஒட்டினாள். வேன் ஆயிலுக்கு லாரியின் பெயர், லாரி ஆயிலுக்கு வேனின் பெயர்.

ஐயா லாரியின் பெயர் ஒட்டிய முதல் சீட்டைப் படித்தார். சொட்டு விட்டார். கண்ணை மூடினார்.

“ஐயோ, ஐயோ! நேத்தைக்கு இன்னிக்கு முத்திப் போச்சே! உள்ளே எல்லாம் அரிச்சுப் போச்சு. இன்னும் ஏன் விக்கல?”

“பார்த்தியா!” என்று அண்ணன் தங்கையின் பக்கம் திரும்பினார். அண்ணி அவர் காலை மிதித்தாள்.

“அப்படியே உங்க வேனையும் பாருங்க ஐயா, ஜனங்க தெரிஞ்சிக்கட்டும்.”

இரண்டாவது சொட்டு விழுந்தது. கரிச்சட்டியைக் கவிழ்த்தது போல அப்படி ஒரு கறுப்பு. ஐயா கொஞ்சம் தடுமாறினார். சீட்டை இன்னொரு தரம் பார்த்துத் தெளிந்தார். “இது அருள் கறுப்பு! தங்கமான எஞ்சின். எம்பேரன் காலத்துக்கும் ஓடும்!”

“லாரி பொழைச்சிடுச்சு நாத்தனாரே,” என்றாள் அண்ணி. “வேனுக்குத்தான் கண்டமாம்.”

டயர்க் கடைக்காரர் முன்னால் வந்து, தன் கையாலேயே ஆயில் எடுத்த கதையைச் சொன்னார்.

“சொட்டைச் சோதிச்சா அது கோவிச்சுக்கும்!” என்று ஐயா கத்தினார்.

“அது கோவிச்சுக்கட்டும், நீ பதில் சொல்லுய்யா!” செங்கல் ஏற்றும் ஒருவர் வரிசையை உடைத்துக்கொண்டு வந்தார். “சாகப் போவுதுன்னு நீ சொல்லித்தானே என் வண்டியைப் பாதி விலைக்கு உன் மச்சானுக்கு வித்தேன்! அது நேத்து முழு லோடோட என்னையே முந்திட்டுப் போவுது! பெயின்ட் மட்டும்தான் புதுசு!”

மச்சானின் அறைக்குப் பின்கதவு உண்டு என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

லாரி ஆயிலை அண்ணி முறையான பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினாள். அங்கிருந்தவர் கண்ணை மூடவில்லை. கறுப்பு வெறும் கரி, பயப்பட வேண்டாம் என்றார். ஆயிலில் மண் தூசி அதிகம், காற்று வடிகட்டி கிழிந்திருக்கும், மாற்றுங்கள் என்றார். கிழிந்துதான் இருந்தது. “இரும்புத் தேய்மானத்தை ஒரு தடவை பார்த்துட்டு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. அடுத்த ஆயில் மாத்தும்போதும் அனுப்புங்க, ஏறுதான்னு பார்க்கலாம்” என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் இப்படிப்பட்ட மனிதரிடம் யார் போவார்கள்? அங்கே வரிசையே கிடையாது.

லாரி இன்னும் ஓடுகிறது. சாட்சி சொல்ல வந்த டயர்க் கடைக்காரர், அப்புறம் டயர் பார்க்க வந்தார், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வந்தார், கடைசியில் லாரிக்காரம்மாவைப் பெண் கேட்டே வந்துவிட்டார். இப்போது இருவரும் பெண் பிள்ளைகளோடு டயர்க் கடை மாடியில் குடியிருக்கிறார்கள். கல்யாணத்துக்கு நாள் பார்க்கக் கிளம்பிய அண்ணனை அண்ணி வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

சொட்டு ஐயாவும் மச்சானும் ஊரைக் காலி செய்தார்கள். போன ஊரில் ரேடியேட்டர் தண்ணீரைப் பார்த்துக் குறி சொல்கிறார்களாம். அங்கேயும் வரிசையாம். நின்று நின்று ஜனங்களுக்குக் கால் வலிக்கிறதாம். மண்டை மட்டும் வலிப்பதே இல்லையாம். வேலை கொடுத்தால்தானே வலிக்கும்!