உஸ்தாத் ஷெஹாத்தா இரும்புக் கரங்களை வென்ற படலம்

வாழி! கடற்காற்றுக்கும் கலையாத கிராப்பும், நெற்றிப்பட்டமெனப் புருவத்துக்கு மேல் ஏற்றிய மூக்குக்கண்ணாடியும், பொத்தானைப் பிதுக்கும் வீரத் தொந்தியும் கொண்டவரே, போர்ட் சயீத் நகர வானொலியின் இசைத்தட்டு அறையை ஒரு குடைக்கீழ் ஆளும் உஸ்தாத் ஷெஹாத்தாவே, வாழி! உமது புகழ் பாட என் நாவே, எழுக. தேநீர் இன்னும் வரவில்லையென்றாலும் எழுக.

அன்று நிலைய இயக்குநர் ஃபிக்ரி ஆணையிட்டிருந்தார். நிலையம் சின்னக் கட்டடத்துக்குக் குடிபெயர்கிறது. அந்தி சாய்ந்து மஃரிப் பாங்கு ஒலித்ததும் சிடிகள் யாவும் பழைய சாமான் வண்டியில் ஏறும். அதற்குள் கணினியில் ஏறிய பாட்டு மட்டுமே பிழைக்கும். அந்தோ! மறைந்த துறைமுகத் தொழிலாளர்கள் சிம்சிமிய்யா யாழ் மீட்டிப் பாடியவை அத்தட்டுகளிலன்றி மண்ணுலகில் வேறெங்கும் இல்லை.

துணைப்படையாய் வந்தன மூன்று தானியங்கித் தட்டேற்றிகள்: அடுக்கிய தட்டுகளை ஒவ்வொன்றாய்க் கவ்வி, கணினியின் வாயில் ஊட்டி, பாட்டை உறிஞ்சியதும் உருவி மறுபுறம் அடுக்கவல்ல இரும்புக்கை மறவர்கள். பொறியாளர் நெவீன் கம்பிகளை மாட்டினாள். ஷெஹாத்தா பிஸ்மில்லா சொல்லி, யானைப்படையை அணிவகுக்கும் தளபதியென மூன்றிலும் தட்டுகளை அடுக்கி, விசையை அழுத்தினார்.

கரங்கள் எழுந்தன! சுழன்றன! தாழ்ந்தன! வெறுங்காற்றைக் கவ்வின! ‘தட்டு இல்லை’ என்று மூன்று திரைகளும் ஒருசேர முழங்கின.

“கண்ணு அவிஞ்சா போச்சு? மலை மாதிரி அடுக்கி வெச்சிருக்கேன், இல்லைங்குதே பாரு!” என்று கர்ஜித்தார் ஷெஹாத்தா.

ஊதினார், துடைத்தார், தட்டிக்கொடுத்தார், அறைந்தார், அவ்வியந்திரங்களின் ஏழு தலைமுறையையும் பெயர் சொல்லி இழுத்தார். செங்கதிரோனோ எதையும் பொருட்படுத்தாமல் மேற்கே ஏரிப் பக்கம் சரிந்துகொண்டிருந்தான். வாசலில் பழைய சாமான் வண்டி ஹாரன் அடித்தது.

“உஸ்தாத், கொஞ்சம் நில்லுங்க,” என்றாள் நெவீன். “எந்தப் பக்கம் அடுக்கினீங்க?”

“இதென்ன கேள்வி, வலப்பக்கந்தான்! நாம அரபி எழுதறது வலப்பக்கத்துலேருந்து, சாப்பிடறது வலது கையால. நல்ல காரியத்தை எவனாவது இடப்பக்கம் ஆரம்பிப்பானா?”

“இதைச் செஞ்சவன் இடப்பக்கத்துலேருந்து படிக்கிறவன், உஸ்தாத். வலப்பக்கம் முடிஞ்சதைப் போடற இடம்.”

“அட, என் தலையெழுத்தே! அதையும் இடப்பக்கத்துலேருந்துதான் எழுதித் தொலைச்சானா?”

சொல்லி முடிப்பதற்குள் தட்டுக் கோபுரங்கள் இடம் பெயர்ந்தன. ஆகா, பிறகு நடந்ததன்றோ போர்! கவ்வுவதும் ஊட்டுவதும் உருவுவதும் எறிவதுமாய், கல்யாணப் பந்தியில் கடைசி வரிசைக்காரர்கள் பிரியாணியைக் கண்டாற்போல் மூன்று கரங்களும் தட்டுகளைத் தீர்த்துக்கட்ட, நெவீன் ஒழிந்த இடத்தை நிரப்ப, வண்டிக்காரரை ஷெஹாத்தா சர்க்கரைத் தேநீர் ஊற்றி ஊற்றி வாசலிலேயே சிறைவைத்தார். கடைசித் தட்டு வெளியே வந்து விழுந்தது. பள்ளிவாசலில் பாங்கு எழுந்தது. ஷெஹாத்தா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குழந்தைபோல் அழுதார்.

“ஜெயிச்சிட்டீங்கய்யா!” என்று அவரைக் கட்டிக்கொண்டார் ஃபிக்ரி. தட்டுகளையும் பாட்டுப் பேர் எழுதிய உறைகளையும் ஏற்றிக்கொண்டு வண்டி தெருமுனை திரும்பி மறைந்தது. “எங்கே, அந்த மீனவர் கல்யாணப் பாட்டைப் போடுங்க, கேப்போம்!”

திசையெட்டும் செவிசாய்க்க, வெற்றித்திருமகள் தோளில் வீற்றிருக்க, வீரர் கணினியைத் திறந்தார்.

எல்லாப் பாட்டுக்கும் ‘டிராக் 1’, ‘டிராக் 2’ என்றுதான் பேர் விழுந்திருந்தது.